அட்டவணையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க பேஸ்பால் முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரி போடுகிறீர்கள், சரி. ஆனால் எந்த அணி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் ஸ்கோரை மட்டும் படித்து என்ன செய்வது?

2011 செப்டம்பர் 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனின் கடைசி நாள். அங்குள்ள இரு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் மிச்சமிருந்த ஒரே வைல்டு கார்டு இடத்துக்கு (தன் பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிக்கும் அடுத்த சுற்றுக்குப் போகக் கிடைக்கும் வாய்ப்பு அது) பாஸ்டன் ரெட் சாக்ஸும் டாம்பா பே ரேஸும் சமநிலையில் நின்றன. அந்த மாதத் தொடக்கத்தில் 9 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த அணி பாஸ்டன்! யாங்கீஸிடம் 0-7 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, எட்டாவது இன்னிங்ஸில் 6 ரன் எடுத்தது. ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக்; இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் டாம்பா பே தோற்றுவிடும். கதை முடிந்தது என்று நினைத்தபோது டான் ஜான்சன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இரவு பால்டிமோரில், அந்த ஊர் அணியை வெல்லக் கடைசி அவுட்டுக்காகக் காத்திருந்த பாஸ்டன் 3-4 என்று தோற்றது. அடுத்த சில நிமிடங்களில், 12-வது இன்னிங்ஸில், டாம்பா பேயின் எவன் லோங்கோரியாவின் ஹோம் ரன். 8-7. பாஸ்டன் வெளியே.

வெறும் ஸ்கோராகப் பார்த்தால் இவை இரண்டு சாதாரண முடிவுகள்தான்.

2022 முதல் லீகுக்கு மூன்று வைல்டு கார்டு. சமநிலை வந்தாலும் கூடுதல் ஆட்டம் கிடையாது. நேருக்கு நேர் மோதிய கணக்கைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இருக்கட்டும், செப்டம்பரிலாவது இரு லீக் அட்டவணைகளையும் வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாமே.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்க வாசகர்