முதல் டைப்ஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டை அனுப்பவிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஏற்காட்டில் உங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையின் எடைக் கணக்கை வாசிக்க நீ பயன்படுத்தும் திறமூல ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்காக (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதிய டைப்ஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டைப் படித்தேன். டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களை, அதாவது ஒவ்வொரு மதிப்பும் எந்த வகை என்ற அறிவிப்புகளை, சேர்த்த மொழி. சேலத்தில் நிரல் எழுதிப் பிழைக்கும் என் போன்றோர் இத்தகைய லைப்ரரிகளை நம்பியே நாள்தோறும் வேலை செய்கிறோம். அவற்றுக்கு ஏதேனும் திருப்பிக் கொடுக்க முன்வருவோர் சிலரே. அதனால் உன் முயற்சி எனக்குப் பெருமையாக இருக்கிறது. முதல் பங்களிப்பை அனுப்பத் தயங்கும் பிறருக்கும் பயன்படும் என்பதால் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதன்மையாகத் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. சிஎஸ்வி கோப்பின் (காற்புள்ளியால் பிரித்த கட்டங்களைக் கொண்ட உரைக்கோப்பு) ஒரு வரிக்கு நீ எழுதிய டைப்பில் எடையும் ஈரப்பதமும் எண்கள் என்று அறிவித்து, அந்த டைப்பை லைப்ரரியின் வாசிப்பு ஃபங்ஷனுக்கு ஜெனரிக்காக, அதாவது அது திருப்பித் தரும் மதிப்பின் வகை இதுவே என்று, கொடுத்திருக்கிறாய். டைப்களைச் சரிபார்த்து நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் இதை மறுப்பின்றி ஏற்கும். ஆனால் டைப்கள் கம்பைல் ஆகும்போதே நீக்கப்பட்டுவிடுவதால், நிரல் ஓடும் நேரத்தில் அவை எதையும் சோதிப்பதில்லை. மதிப்புகளை மாற்றச் சொல்லி லைப்ரரிக்கு நீ எந்த விருப்பமும் கொடுக்காததால், கோப்பிலிருந்து வருபவை அனைத்தும் எழுத்துச்சரங்களாகவே (ஸ்டிரிங்) இருக்கும். 52 கிலோ மூட்டையையும் 48 கிலோ மூட்டையையும் கூட்டினால் 100 வராது, இரண்டும் ஒட்டிக்கொண்டு 5248 வரும். எடுத்துக்காட்டைப் பார்ப்பவர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டிக்கொள்வார்கள் என்பதால், இந்தத் தவறு உன்னோடு நிற்காது.

ஆகவே வாசித்த வரியை முதலில் எழுத்துச்சரங்களாகவே கொண்ட ஒரு டைப்பில் பெற்று, பிறகு ஒரு சிறு ஃபங்ஷன் வழியாக உன் டைப்புக்கு மாற்று. இங்கே கவனம் தேவை: ஈரப்பதம் அளக்காத நாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்; ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஃபங்ஷன் காலி எழுத்துச்சரத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அளக்காததும் பூஜ்யமும் ஒன்றல்ல. காலியென்றால் அன்டிஃபைன்டு (மதிப்பு இல்லை) என்று வைத்து, டைப்பிலும் அந்தப் புலம் விருப்பத்திற்குரியது என்று குறித்துவிடு. அப்போது ஸ்ட்ரிக்ட் என்னும் கடுமையான சோதனை முறையில் கம்பைலர், சராசரி போடும் இடத்தில் உன்னைத் தடுத்துக் கேட்கும். டைப்ஸ்கிரிப்டால் கிடைக்கும் நன்மையை வாசகர் கண்ணால் காணும் இடம் அதுதான். உன் எடுத்துக்காட்டு காட்ட வேண்டியதும் அது ஒன்றையே. நீ சேர்த்திருக்கும் மாதாந்திர அறிக்கைப் பகுதியை நீக்கிவிடலாம்.

ஓரிடத்தில் எந்த மதிப்பையும் ஏற்கும் எனி டைப்பைப் போட்டுக் கம்பைலரை அடக்கியிருக்கிறாய். லைப்ரரியின் டைப் அறிவிப்பு அந்த இடத்தில் குறையுடையதென்றால், எடுத்துக்காட்டில் மறைப்பதை விட அதைத் தனியாக ஓர் இஷ்யூவாக (திட்டத்தின் பக்கத்தில் இடும் குறைக் குறிப்பு) பதிவு செய்வதே அந்தத் திட்டத்துக்குப் பெரிய உதவி. அறிவிப்பு லைப்ரரிக்கு உள்ளேயே வருகிறதா, டெஃபினிட்லி டைப்டு என்னும் பொதுவான டைப் அறிவிப்புக் களஞ்சியத்திலிருந்து தனிப் பேக்கேஜாக வருகிறதா என்பதையும் முதலில் பார்; இரண்டாவது என்றால் திருத்தம் செல்ல வேண்டிய இடமே வேறு.

இம்போர்ட் வரியில் உள் கோப்புறையின் பாதைக்குப் பதிலாக, பயனர் எழுதுவதைப் போலவே பேக்கேஜின் பெயரைக் கொடு.

எடுத்துக்காட்டும் ஒரு நிரல்தான். யாரும் ஓட்டிப் பார்க்காவிட்டால் லைப்ரரி மாறும்போது அது சத்தமில்லாமல் பழுதாகும். பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். அந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் சுமையை அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி கட்டளையை, கோப்பு எதையும் உருவாக்காமல் சோதிக்க மட்டும் செய்யும் நோஎமிட் விருப்பத்துடன் ஓட்டி உன் கோப்பைச் சோதிக்கும் ஒரு வரியை அவர்களுடைய தானியங்கிச் சோதனையில் சேர்க்க முடியுமா என்று கேள். அதற்கு டைப்ஸ்கிரிப்டைப் திட்டம் நம்பியிருக்கும் புதிய பேக்கேஜாகச் (டிபென்டென்சி) சேர்க்க வேண்டியிருக்கும், சிலர் அதை விரும்பமாட்டார்கள். எனவே உன் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முன்பே இஷ்யூவில் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் கோப்புறையில், அவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவில் கோப்பை அமைத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்