பெயர் போடாத நன்றி

ஜெபக்குழு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்,

உங்கள் பெயர்களை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பைபிளில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தையும் காட்டினீர்கள். சரி, அது தர்மம் செய்கிறவர்களுக்குச் சொன்னது. வாங்கிக்கொண்டவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கே இல்லையே! லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளிகள் சுகமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரோடு சேர எனக்கு விருப்பமில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு விசுவாசம் என்று எதுவும் கிடையாது. அப்பா இறந்த பிறகு தூக்கம் போய், எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று வந்தவன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகமாக இருக்கிறது என்று நானே ஒருநாள் சொன்னபோது, வாதாடாமல் மாற்கு 9ஐத் திறந்து கொடுத்தீர்கள். பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொல்லிய கையோடு தன் அவிசுவாசம் நீங்கவும் உதவி கேட்கிறான். இப்படியும் வரலாமா என்று எனக்கு ஆச்சரியம். அவனைத் திருப்பி அனுப்பவில்லை; பிள்ளையும் சுகமானான்.

அப்புறம் மலைப்பிரசங்கம், இயேசு மலைமேல் உட்கார்ந்து செய்த உபதேசம். மத்தேயு 5 முதல் 7 வரை மூன்றே அதிகாரம், நமக்குப் பத்து மாதம் ஆனது. உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொல்லும் வசனம் வந்த வாரத்தோடு, காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்பதை விட்டேன். அது சுலபம். 5ஆம் அதிகாரத்தின் 23, 24ஆம் வசனங்கள்தான் ஆளை அசைத்தன. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக, அதாவது சமாதானமாக வேண்டுமாம். எனக்கு அவன்மேல் குறை என்றால் அல்ல, அவனுக்கு என்மேல்!

சொத்துப் பங்கில் அண்ணனுக்கு நான் செய்தது எனக்குத்தான் தெரியும். ஆறு வருடம் பேச்சில்லை. இரண்டு தடவை போன் போட்டு, அவன் எடுக்குமுன் வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை அக்கா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பார்த்தேன். அவன் ஒன்றும் கட்டிப்பிடிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தான், அப்புறம் கணக்குக் கேட்டான். தவணை முறையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பைபிளில் வரி வசூலிக்கும் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருவதாக இயேசுவிடம் சொன்ன கதையை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு அண்ணனும் வருகிறான். சும்மா பார்க்கத்தானாம். கடைசி வரிசையில் இன்னொரு நாற்காலி போட்டு வையுங்கள். ஏன் வந்தாய் என்று அவனையும் கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் கடைசி வரிசைத் தம்பி