கார் மேப்பை நம்பி லாரியை அனுப்பாதீர்கள்

லாரி முதலாளிமாருக்கும், டிரான்ஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்து வண்டி அனுப்பும் நண்பர்களுக்கும்,

வணக்கம். "வண்டியிலதான் ஜிபிஎஸ் இருக்கே, அப்புறம் எப்படி டிரைவர் வழி மாறிப் போனார்?" என்று நீங்கள் கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று டிரைவர்களான எங்களுக்குத் தெரிவதில்லை. நீங்கள் மாட்டி வைத்திருப்பது டிராக்கர். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்கிற பெட்டி. ஸ்டியரிங் பிடித்திருப்பவரிடம் அது ஒரு வார்த்தையும் பேசாது. வழி பார்க்க அவரிடம் இருப்பது அவர் காசில் வாங்கிய போனும், அதில் காருக்காகச் செய்த ஒரு மேப்பும்தான்.

அந்த மேப்பைக் குறை சொல்லவில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், வண்டி எந்த ரோட்டில் நிற்கிறது என்று போன் கணக்குப் போட்டுவிடும். அதில் காருக்கும் லாரிக்கும் பேதம் இல்லை. ஆனால் முன்னால் இருக்கிற ரயில்வே பாலத்தின் உயரம் என்ன, ஓடைப் பாலம் எத்தனை டன் தாங்கும், அந்த முக்கில் டிரெய்லர் திரும்புமா என்பதெல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை. யாராவது அளந்து மேப்பில் ஏற்றியிருக்க வேண்டும், அதை உங்கள் வண்டியின் அளவோடு ஒப்பிட்டு வழி போடுகிற மென்பொருளும் இருக்க வேண்டும். கார் மேப் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை, பத்து நிமிஷம் மிச்சம் என்று சந்துக்குள் திருப்பிவிடும்.

அமெரிக்காவில் டர்ஹாம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, முன்பு அதன் அடியில் இருந்த உயரம் 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், உயரமான வண்டி வந்தால் உணர்ந்து சிவப்பு விளக்கு போடும் கருவியும் வைத்தார்கள், அப்படியும் லாரிகளின் கூரை உரிந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிற வண்டி இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பலகை கண்ணில் படுகிற நேரத்தில் பின்னால் வண்டிகள் வரிசை கட்டியிருக்கும், ரிவர்ஸ் எடுக்க வழியிருக்காது. அந்த ரோட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தெரிந்திருந்தால்தான் பிரயோஜனம்.

கார்மின், டாம்டாம் போன்ற கம்பெனிகள் லாரிக்கென்றே தனிக் கருவி செய்கின்றன. சிஜிக், கோபைலட் மாதிரி ஆப்களிலும் லாரிக்கான வகை உண்டு. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே ஆப் ஒரு நாட்டில் பாலம் பாலமாகத் தகவல் வைத்திருக்கும், இன்னொரு நாட்டில் வெறும் கார் மேப்பாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தாழ்வான பாலத்தை எடுங்கள், வண்டி உயரத்தை அதைவிடக் கூடுதலாகப் போட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்துக்கு வழி கேளுங்கள். சுற்றிப் போகச் சொன்னால் சரி. நேராக அடியில் விட்டால் அந்த ஆப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நெட் இல்லாத இடத்திலும் மேப் ஓட வேண்டும், அதையும் பாருங்கள். சார்ஜர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட், 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த கார் சார்ஜரை அதில் செருகினால் சார்ஜர் புகைந்துவிடலாம், சமயத்தில் போனும் சேர்ந்து போகும்.

வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் பெரிய ஓட்டை. கருவியில் உயரம், அகலம், நீளம், மொத்த எடை, என்ன சரக்கு என்றெல்லாம் பதிய வேண்டும். ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை இது. சாதாரண கண்டெய்னர் 8 அடி 6 அங்குல உயரம், ஹைகியூப் என்கிற உயரமான வகை 9 அடி 6 அங்குலம். முழுசாக ஓர் அடி வித்தியாசம். நேற்று ஏற்றியது சாதாரணம், இன்று ஹைகியூப், கருவிக்குள் இருப்பதோ நேற்றைய உயரம் என்றால், நல்ல கருவியும் நம்பிக்கையோடு தவறான வழியைச் சொல்லும். என்ன பெட்டி வருகிறது என்று புக்கிங் போட்ட உங்களுக்குத்தான் முதலில் தெரியும், டிரைவருக்கு யார்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், லோடு இறக்கியதும் பட்டை ஸ்பிரிங் வண்டி கொஞ்சம் எழும்பும், பாலத்தடியில் புதிதாகத் தார் போட்டிருந்தால் பலகையில் எழுதிய உயரம் அங்கே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், உண்மையான உயரத்துக்கு மேல் சில அங்குலம் கூட்டியே பதியச் சொல்லுங்கள். சுற்றுவழிக்கு ஆகும் டீசலைக் கணக்குப் பார்க்கிற ஆபீசில் இதைச் சொல்வது கஷ்டம்தான், தெரியும்.

லொக்கேஷன் அனுப்புவதிலும் ஒரு குறை. கம்பெனி பெயரைத் தேடி வருகிற புள்ளியை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறீர்கள். அது பெரும்பாலும் முன்வாசல், மேனேஜர் கார் நிறுத்துகிற இடம். லோடு இறக்கும் கேட் பின்பக்கம் வேறு ரோட்டில் இருக்கும். டிரெய்லரோடு முன்வாசலில் போய் மாட்டிக்கொண்டவர் வாட்ச்மேனிடம் கேட்டுத் திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும், அந்த ஒரு மணி நேரத்துக்கும் நீங்கள் போனில் டிரைவரைத்தான் திட்டுவீர்கள்.

வந்து சேரும் நேரமும் அதே கதை. உங்கள் கம்ப்யூட்டரில் கார் மேப் போட்டு ஐந்து மணி நேரம் என்று பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வழி நெடுக எங்களை அழைக்காதீர்கள். லோடு வண்டி மேட்டில் ஏறுகிற வேகம் அந்த மேப்புக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துக்கும் வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வழியைக் கிளம்பும் முன்பே போட்டு, திரையிலேயே ஒருமுறை முழுசாக நகர்த்திப் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது திரையைத் தொடக் கூடாது. திருப்பத்தைத் தவறவிட்டால், அது உடனே போடுகிற புது வழியில் குருட்டுத்தனமாக நுழையாமல் அகலமான ரோட்டிலேயே போய் நிறுத்திப் பார்க்க வேண்டும். திரையும் பலகையும் வேறு வேறாகச் சொன்னால் பலகைதான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: லாரிக்கான ஆப்புக்கு உங்கள் கணக்கில் பணம் கட்டுங்கள். ஒவ்வொரு டிரிப் சீட்டிலும் லோடோடு சேர்ந்த உயரம், மொத்த எடை, இறக்கும் கேட்டின் லொக்கேஷன் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பலகையைப் பார்த்து ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, "இந்த வழி சரிப்படாது, சுற்றித்தான் வருவேன்" என்று அழைத்தால், அந்தக் கூடுதல் டீசலை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரெய்லர் டிரைவர்