சூரியப் புயல் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். “சூரியப் புயல் வருகிறது, செல்போனைத் தொட்டால் உடம்பு கருகிவிடும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சென்ற வாரம் பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ராத்திரி தூங்கவேயில்லை என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சூரியனில் வெடிப்பு நிகழும்போது மின்னேற்றத் துகள்களும் வாயுவும் விண்வெளியில் சீறிப் பாய்வதைத்தான் சூரியப் புயல் என்கிறோம். தரையில் இருக்கும் நம் உடம்பை அந்தப் புயல் ஒன்றும் செய்யாது. பூமியின் காந்தப்புலமும் தலைக்குமேல் இருக்கும் காற்றுமே நமக்குக் கவசம். இதைப் பிள்ளைகளிடம் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். ஆனால் “எல்லாம் புரளி” என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். சூரியப் புயல் நிஜம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தது அதனால்தான். 2022 பிப்ரவரியில் இணையச் சேவைக்காக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வீணாயின. துகள்கள் தாக்கியதால் அல்ல. புயலில் சூடேறிய மேல்காற்று உப்பி, தாழ்வாகப் பறந்தவற்றின் வேகத்தைக் குறைத்துக் கீழே இழுத்துவிட்டது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, விண்வெளிக்குப் போன மனிதர்கள் கதைதான் பிள்ளைகளை உலுக்கியது. 1972 ஏப்ரலில் நிலவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற அப்பல்லோ 16 திரும்பியது, டிசம்பரில் அப்பல்லோ 17 போனது. இடையே ஆகஸ்டில் கடும் புயல். அப்போது யாராவது நிலவில் நடந்துகொண்டிருந்தால், அவருடைய விண்வெளி உடை போதாமல் கதிர்வீச்சு நோயில் விழுந்திருக்கக்கூடும். “அப்போ வெறும் அதிர்ஷ்டம்தானா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்று அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. சூரிய வெடிப்பின் ஒளி 8 நிமிடத்தில் வந்துவிடும். வேகமான துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேகூட வரலாம். பெரிய பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) மேகம் வர ஒன்று முதல் மூன்று நாள். அந்த இடைவெளியில் விண்வெளி வீரர்கள் விண்கலத்தின் கெட்டியான பகுதிக்குள் போய், தண்ணீர், உணவு மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொள்ளலாம். ஹைட்ரஜன் நிறைந்த பொருள்கள் இந்தத் துகள்களை நன்றாகத் தடுக்கும். ஈயத்தில் மோதினாலோ புதிய துகள்கள் தெறிக்கும்.

விண்மீன்களுக்கிடையிலிருந்து ஓயாமல் வரும் அண்டக் கதிர்களுக்குத்தான் இன்னும் சரியான தடுப்பு இல்லை. செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி வழியில் எடுத்த அளவீட்டின்படி, செவ்வாய்க்குப் போய்வரும் பயணத்தில் மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடம்பில் ஏறும். நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600. இதற்கு வழி கண்டுபிடிப்பவர் நம் வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்திருக்கக்கூடாதா என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை, தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துக் கரும்புள்ளிகளைக் காட்டப்போகிறோம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்புங்கள். வீட்டில் வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ சூரியனைப் பார்க்க யாரையும் விடாதீர்கள், பார்வையே போய்விடும். உங்களுக்குக் கேள்வி இருந்தால் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்