பாட்டுக்கு ஒரு விகிதம், கணினிக்கு ஒரு விகிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிடி பாடலில் நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையை அளந்து குறித்த எண்கள். நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்பதே விகிதம். கணினியோ பெரும்பாலும் 48,000-இல் ஓடுகிறது. ஒவ்வொரு 147 மாதிரிகளையும் 160 ஆக்கும் இந்த மாற்றத்தை, எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலக்கும் விண்டோஸ் மிக்சர் நம்மிடம் கேட்காமலே செய்துவிடுகிறது. இதில் பெரிய கெடுதல் இல்லை.

நொடிக்கு 96,000 மாதிரிகள் கொண்ட கோப்பை 44,100-க்கு இறக்கும்போதுதான் கவனம் வேண்டும். புதிய விகிதத்தில் அடங்காத உச்ச ஒலிகளை முன்பே நீக்கும் வடிகட்டி சரியில்லையென்றால் 30,000 ஹெர்ட்ஸ் ஒலி மடங்கி 14,100-இல் வந்து நிற்கும். பாட்டில் இல்லவே இல்லாத கீச்சொலி அது. உச்ச அளவில் பதிந்த பாடல்களில், மாற்றத்துக்குப் பின் அலைமுகடு எல்லை தாண்டி வெட்டுப்படலாம். மாற்றத்துக்கு முன்பே ஒலியளவை 3 டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

மாற்றமே வேண்டாமென்றால் விண்டோஸ் பிளேயரில், மிக்சரைத் தவிர்த்து ஒலியை நேரே சாதனத்துக்கு அனுப்பும் வாசாபி எக்ஸ்குளூசிவ் (WASAPI Exclusive) முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டின் விகிதத்தைச் சாதனம் ஏற்க வேண்டும், மற்ற செயலிகளின் சத்தமும் அப்போது வராது. மேக் கணினியில் சாதனத்தின் விகிதத்தை ஆடியோ மிடி செட்டப் (Audio MIDI Setup) செயலியில் மாற்றலாம். 192,000 என்று கூட்டி வைப்பதால் பதிவில் இல்லாத தெளிவு வந்துவிடாது.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பொறியாளர்