மாத்திரைக் கவரில் ஒரு சூரியன்

ஆசிரியருக்கு வணக்கம். போன மாதம் ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து என் பெரியம்மாவைச் சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த தலைசுற்றல் வேறு. அவருக்குக் காது மந்தம். டோக்கனை மைக்கில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். நான் டீ வாங்கப் போன நேரத்தில் எங்கள் முறை போயே விட்டது.

சரி, அது கிடக்கட்டும். மாத்திரைக் கவரில் '1-0-1' என்று எழுதியிருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று நமக்குத் தெரியும். பெரியம்மாவோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அப்படியே சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்கள், அவரும் தலையாட்டினார். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் யார் 'புரியல' என்பார்கள்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்காதான் கண்டுபிடித்தார். "எப்படிப் போடுறீங்க, எடுத்துக் காட்டுங்க" என்றார், அவ்வளவுதான். அப்புறம் கவரில் பேனாவால் ஒரு சூரியன், ஒரு பிறை வரைந்து தந்தார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் இப்படிக் கேட்கலாமே. டோக்கன் எண்ணைப் பலகையில் பெரிதாகக் காட்டினாலும் புண்ணியம்.

- ஒரு வாசகர், ஏற்காடு