அந்தத் தொட்டியை நகர்த்துங்கள்

மீன் காட்சியகங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். சுறாவுக்கும் திருக்கைக்கும் கண்ணாடிச் சுரங்கப்பாதை கட்டுகிறீர்கள். ஆற்று மீனுக்கோ பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மங்கலான தொட்டி; பெயர், நீளம், எடை, உணவு என நான்கு வரிப் பலகை. குழந்தைகள் அங்கே நிற்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறக்குறையப் பாதி நன்னீரில் வாழ்பவை. சீனாவின் யாங்சி ஆற்றுத் துடுப்புமூக்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுமீறிப் பிடித்ததில் ஏற்கெனவே குறைந்திருந்த மீன் அது. 1981இல் கெசோபா அணை ஆற்றை மறித்ததும், முட்டையிட மேல்நோக்கிப் போகும் வழியும் அடைபட்டது. கடைசியாக 2003இல் உயிரோடு பார்த்தார்கள். 2022இல் அற்றுப்போன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு ஒரு காலித் தொட்டி வையுங்கள்: நீர், விளக்கு, பெயர்ப்பலகை, மீன் இல்லை. பக்கத்தில் குழந்தையே கையால் மூடித் திறக்கும் ஒரு சிறிய அணை மாதிரியும் இருக்கட்டும். மூடியதும் மீன் பொம்மை எங்கே முட்டி நிற்கிறது என்று குழந்தை தானே பார்த்துக்கொள்ளும்.

குஞ்சுகளை விட்டால் ஆறு பிழைத்துவிடும் என்ற நினைப்பையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். காவிரியில் வாழும் பெரிய கெண்டை வகை மீனான திமில் மாசீர் 2018இல் மிகவும் அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அணையும் மணல் அள்ளலும் மட்டும் காரணமல்ல. நல்லெண்ணத்தோடு பொரித்து ஆற்றில் விட்ட நீலத்துடுப்பு மாசீரும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் பலகையில் எழுதத் தயங்காதீர்கள். வருகிறவர்கள் தாங்குவார்கள்.

இன்னொன்று, வளர்ப்பு மீன். ‘சிவப்பு வால் கருஞ்சுறா’ என்று கடைகளில் விற்பது, பெயரில்தான் சுறா. கெண்டைக் குடும்பத்துச் சின்ன மீன். பண்ணைகளில் ஏராளமாக வளர்கிறது, தன் சொந்தத் தாய்லாந்து ஆறுகளிலோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. கடையில் கண்டவர் எங்கும் இருப்பதாகவே நினைப்பார். இந்த முரணை அதன் தொட்டியிலேயே சொல்லுங்கள். வீட்டில் வளர்த்துச் சலித்த மீனை ஆற்றிலோ குளத்திலோ விட வேண்டாம் என்பதை வெளிவாசலில் எழுதி வையுங்கள். போகிறபோது படித்தது வீடு வரை கூட வரும்.

செலவு என்பீர்கள். காலித் தொட்டிக்குத் தீனி வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஆற்றுத் தொட்டியைக் கழிப்பறை வழியிலிருந்து நகர்த்துங்கள்.

இப்படிக்கு,
அதன் முன் நிற்கும் ஒரு பார்வையாளர்